வெட்டிய இடம் எசனில் தெரிந்தது

மகனுக்கு இரண்டு வாரம் சமைத்துப் போடத்தான் நான் ஜெர்மனிக்குப் போனேன். ஆஹெனில் பொறியியல் மேற்படிப்பு படிக்கும் கவின், சைக்கிளிலிருந்து விழுந்து வலது மணிக்கட்டை உடைத்துக்கொண்டான். அறுவைச் சிகிச்சை முடிந்து, உள்ளே தகடு வைத்த பிறகுதான் எனக்கே சொன்னான். "இடது கையால ஜாம் தடவத் தெரியும்மா, நீ அலையாத" என்றான். அந்த வாக்கியம்தான் என்னை விமானம் ஏற்றியது.

அவன் இருந்தது மாணவர் குடியிருப்பின் நான்காம் மாடி. ஆறு பேருக்கு ஒரே சமையலறை. குளிர்சாதனப் பெட்டியில் ஆளுக்கொரு தட்டு, தட்டுக்கொரு பெயர்ச்சீட்டு. போன அன்றே ரசத்துக்குக் கடுகும் மிளகாயும் தாளித்தேன். கூரையில் இருந்த புகை எச்சரிக்கை மணி கட்டிடமே அதிர அலறியது. பக்கத்து அறை ஸ்பானியப் பெண் துண்டை எடுத்துக்கொண்டு ஓடிவந்து, நாற்காலியில் ஏறி நின்று விசிறினாள். மணி ஓய்ந்ததும் ஒரு கிண்ணம் நீட்டினாள். ரசத்தைக் குடித்துவிட்டு இருமிக்கொண்டே இன்னொரு கிண்ணம் கேட்டாள். மறுநாளிலிருந்து ஜன்னலைத் திறந்து வைத்துத்தான் தாளிதம். மே மாதமாம், எனக்கு மார்கழிபோல இருந்தது.

மூன்றாம் நாள் கவினோடு இயன்முறை சிகிச்சைக்குப் போனேன். வெள்ளைச் சட்டை போட்ட ஒரு பெண் அவன் விரல்களை ஒவ்வொன்றாக மடக்கிக்கொண்டே ஜெர்மனில் பேசினாள். அவன் வலி தாங்காமல் "அய்யோ அம்மா" என்றதும் என்னைத் திரும்பிப் பார்த்து, "நீங்களோ அம்மா? இருங்கோ அன்ரி, இன்னும் அஞ்சு நிமிசம்" என்றாள். பெயர் தாரணி. பிறந்து வளர்ந்தது எசனில். பெற்றோர் யாழ்ப்பாணத்திலிருந்து அகதிகளாக வந்தவர்கள். ஆஹெனில் Ausbildung முடித்து, அதாவது வேலையோடு சேர்ந்த படிப்பை முடித்து, இங்கேயே தங்கிவிட்டாள். அடுத்த மாதம் அவளுக்குக் கல்யாணம்.

"ஞாயிற்றுக்கிழமை நான் வீட்டை போறன். நீங்களும் வாங்கோவன். அம்மாவுக்கு உங்கட ஊர்க் கதை கேக்க நல்ல விருப்பம்" என்றாள். ஞாயிற்றுக்கிழமை ஆஹெனில் ஒரு தீப்பெட்டிகூட வாங்க முடியாது, அத்தனை கடையும் அடைப்பு. சரி என்றேன்.

இந்த இடத்தில் என் வேலையைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். சென்னையில் ஒரு செய்தித் தொலைக்காட்சியின் இணையப் பிரிவில் பதினொரு வருடமாக இருக்கிறேன். நீளமான பேட்டிகளைக் கைபேசிக்கு ஏற்ற சின்னக் காணொலிகளாக வெட்டுவதும், அதன்மேல் ஓடும் வாசகத்தை எழுதுவதும் என் வேலை. கடந்த அமெரிக்கத் தேர்தலின்போது எங்கள் அலுவலகத்தைப் பார்த்திருக்க வேண்டும். ஒருவருக்கும் அங்கே ஓட்டு இல்லை, ஆனாலும் கட்சி கட்டி நின்றோம். அங்கே நீலம் ஒரு கட்சியின் நிறம், சிவப்பு இன்னொன்றின் நிறம். எங்கள் ஆசிரியர் நீலத்தின் பக்கம். அதைவிட, குடியேறிப் போனவர்களே குடியேறிகளை எதிர்க்கும் சிவப்புக்கு ஓட்டுப் போடுகிறார்கள் என்று கேலி செய்யும் காணொலிகளுக்குப் பார்வையாளர்கள் குவிந்தார்கள். அப்படிப்பட்டவை தினம் இரண்டு வேண்டும் என்று கேட்டார்கள். நான் கொடுத்தேன்.

ஞாயிறு காலை தாரணி, கவின், நான் மூவரும் ரயில் ஏறினோம். எதிர் இருக்கையில் ஒரு வயதான ஜெர்மன் தம்பதி. கிழவர் அவித்த முட்டையை உரித்துக்கொண்டு ஏதோ கேட்டார். மனைவி நீளமாகப் பதில் சொல்ல, அவர் மறுபடி ஏதோ முனக, தாரணி சிரிப்பை அடக்கிக்கொண்டு என் காதில் மொழிபெயர்த்தாள்: "நீ ஆருக்கு வோட்டுப் போட்டனீ எண்டு நான் கேக்கேல்லை, உப்பு எங்கை எண்டுதான் கேட்டனான் எண்டு சொல்லுறார்." உப்பு கடைசிவரை கிடைக்கவில்லை.

டூரனில் ரயில் நின்றது. பாதையில் ஏதோ பழுது, எல்லோரும் இறங்கிப் பேருந்தில் போங்கள் என்று அறிவித்தார்கள். நம் ஊராக இருந்தால் அந்த நடைமேடையில் ஒரு சிறு கலவரமே நடந்திருக்கும். இங்கே இருநூறு பேர் சத்தமில்லாமல் வரிசையில் நின்றார்கள். பேருந்து, மறுபடி ரயில், அப்புறம் டிராம். எசன் வீட்டுக் கதவைத் தட்டும்போது மதியம் ஒன்றரை.

தாரணியின் அப்பா சிவபாலன், அறுபதை நெருங்கும் மெலிந்த மனிதர். வேலை பார்த்த உலோக வார்ப்பாலை மூடப்பட்ட பிறகு ரொட்டிக் கடையின் வண்டி ஓட்டுகிறார். அம்மா புவனா, பள்ளிக்கூடச் சமையலறையில் வேலை. மேசையில் சோறு, கத்தரிக்காய்ப் பால்கறி, இறால் பொரியல், கீரை மசியல், சொதி. சொதியை நான் குழம்பு என்று நினைத்து முதலிலேயே சோற்றில் ஊற்ற, புவனா சிரித்தார். "அது கடைசியா விடுறது. பரவாயில்லை, உங்கட முறையில சாப்பிடுங்கோ." வறுத்து அரைத்த மிளகாய்த்தூளின் அந்த மணம் எங்கள் சமையலில் இல்லை. நான் இரண்டு முறை வாங்கிச் சாப்பிட்டேன்.

சாப்பாட்டுக்குப் பிறகு தாரணி கல்யாண அழைப்பிதழைக் காட்டினாள். தாய்மாமன், சித்தி என்று அம்மா பக்கத்து உறவினர் பெயர்கள் வரிசையாக இருந்தன. "அப்பா பக்கத்துல யாரும் இல்லையா?" என்று சும்மா கேட்டேன்.

தாரணி அப்பாவைப் பார்த்தாள். புவனா தட்டுகளை எடுத்துக்கொண்டு எழுந்தார்.

"ஒரு தங்கச்சி இருக்கிறாள்" என்றார் சிவபாலன். "அமெரிக்காவில, மிச்சிகன். வசந்தா. இப்ப கதைக்கிறேல்லை."

"அத்தைதான் எனக்குப் பேர் வைச்சவா" என்றாள் தாரணி. "கார்டில அவாவின்ர பேரைப் போட வேண்டாமெண்டு அப்பா சொல்லிட்டார்."

"ஏன் போடோணும்?" அவர் குரல் உயரவில்லை. "எனக்குப் பத்தொன்பது வயசு, அவளுக்குப் பதினாறு. கிழக்கு பெர்லின் எயார்போட் ஷோனெஃபெல்டில வந்து இறங்கேக்குள்ள ரெண்டு பேருக்கும் சேர்த்து ஒரு பை. அவளின்ர கையைப் பிடிச்ச பிடி விடாம எல்லை கடந்து கூட்டிக்கொண்டு வந்தனான். பேந்து கலியாணம் கட்டி அங்க போனவள், இப்ப டிவியில வந்து நிண்டு கதைக்கிறாள். நீங்களும் டிவி எண்டு தாரணி சொன்னவள். இதைப் பாருங்கோ, உங்கட ஊர் டிவி ஒண்டுதான் போட்டது."

கைபேசியை நீட்டினார். பல கை மாறி வந்த காணொலி. ஓரத்தில் நிலையத்தின் சின்னம் பாதி வெட்டுப்பட்டிருந்தது. கண்ணாடி போட்ட ஒரு பெண் சமையலறை ஒன்றில் நின்று பேசினார்: "கதவைப் பூட்டச் சொல்லித்தான் நான் வோட்டுப் போட்டனான்." அந்த ஒரு வாக்கியமே மூன்று முறை, அவ்வளவுதான். மேலே மஞ்சள் எழுத்தில் வாசகம்: அகதியாகப் போனவர், அகதிக்குக் கதவடைக்கிறார்!

அந்த வாசகம் நான் எழுதியது. ஆச்சரியக்குறியும் நான் போட்டதுதான்.

பதினான்கு விநாடியும் ஓடி, தானாக மறுபடி ஓடத் தொடங்கியது. அந்தப் பெண்ணின் முகத்தை நான் அறிவேன். அவர் பெயரை அன்று பார்க்கக்கூட இல்லை.

"இந்த டிவி எது எண்டு தெரியுமோ?" என்றார் சிவபாலன். "நீங்கள் இருக்கிறது வேறயோ?"

"ம்" என்றேன்.

கவின் என்னைப் பார்த்தான். எங்கள் சின்னத்தின் பாதியே அவனுக்குப் போதும், சிறு வயதிலிருந்து பார்க்கிறான். நான் தண்ணீர் கேட்டேன். புவனா தேநீரே கொண்டுவந்தார். குடித்தேன், நன்றி சொன்னேன், வழியில் சாப்பிட அவர் கட்டிக்கொடுத்த பொட்டலத்தையும் கூச்சமில்லாமல் வாங்கிக்கொண்டேன்.

தாரணி எசனில் தங்கிவிட்டாள். திரும்பும் ரயில் கொலோனைத் தாண்டியது. "வேற டிவியாம்மா?" என்றான் கவின்.

தெரியாமல் செய்துவிட்டேன் என்று எழுத ஆசையாகத்தான் இருக்கிறது. தெரிந்துதான் செய்தேன். அமெரிக்காவில் இணைய வானொலி நடத்தும் ஒருவர் அனுப்பிய பேட்டி அது. அந்தப் பெண் ஏதோ நீளமாகச் சொல்லிக்கொண்டு போனார். அவர் சொன்ன வாக்கியம் அந்த இடத்தில் முடியவில்லை என்பது எனக்கு அப்போதே தெரியும். அதற்குப் பின் ஒரு சொல் இருந்தது. அதற்கு முன்னால் வெட்டினேன். முப்பது நொடிகூட யோசிக்கவில்லை. அடுத்த காணொலி காத்திருந்தது.

திங்கட்கிழமை காலை, சென்னையில் மதியம், அலுவலகத்தின் காப்பகப் பிரிவில் இருக்கும் மேகலாவை அழைத்தேன். முழுப் பேட்டி இருக்கிறதா என்று தேடச் சொன்னேன். "லீவுல போயும் வேலையா?" என்று கேலி செய்தாள். செவ்வாய் மதியம் அனுப்பினாள். பதினொரு நிமிடம்.

அதை நான் பேருந்தில் கேட்டேன். கவினுக்கு மருந்து வாங்கப் போய்க்கொண்டிருந்தேன். காதில் வசந்தாவின் குரல்.

அமெரிக்கக் குடியுரிமை கிடைத்த நாளிலிருந்து நீலத்துக்கே ஓட்டுப் போட்டவராம். அவர் சமையல் வேலை பார்த்த முதியோர் இல்லத்தை மூடிவிட்டார்கள். ஊர் ஆஸ்பத்திரியில் பிரசவப் பிரிவை எடுத்துவிட்டார்கள். "எத்தினை எலக்சன் போச்சு, எங்கட ஆக்கள் எண்டு நான் நினைச்சவை ஒரு நாளும் என்ர கதவைத் தட்டேல்லை. மற்றவை வந்து தட்டினவை. இருந்து கதைச்சவை. ஆத்திரத்தில இந்தமுறை அவைக்குப் போட்டிட்டன்." பேட்டி எடுத்தவர் ஏதோ கேட்கிறார். அதற்குத்தான் அந்தப் பதில்: "கதவைப் பூட்டச் சொல்லித்தான் நான் வோட்டுப் போட்டனான் எண்டு என்ர மகளே சொல்லுறாள். இல்லை. கதவைப் பூட்டுறதெண்டால் முதல் என்னையும் அண்ணையையும் எல்லோ ஷோனெஃபெல்டில வைச்சுத் திருப்பி அனுப்பியிருக்கோணும்? மகளுக்கு விளங்காது. அண்ணைக்கு விளங்கும்."

'எண்டு.' எங்கள் ஊர்ப் பேச்சில் 'னு', எழுத்தில் 'என்று'. அந்த ஒரு சொல்லை எடுத்துவிட்டால், மகளின் குற்றச்சாட்டு தாயின் வாக்குமூலமாகிவிடும். எடுத்தவள் நான். இறங்க வேண்டிய நிறுத்தம் தாண்டிப் போய், நெதர்லாந்து எல்லையை ஒட்டிய கடைசி நிறுத்தத்தில் ஓட்டுநர் வந்து தோளைத் தொட்ட பிறகுதான் எழுந்தேன். அவர் ஏதோ கேட்டார். அழுகிறேனா என்றுதான் கேட்டிருக்க வேண்டும், காகிதக் கைக்குட்டை கொடுத்தார்.

அன்றே ஆசிரியரை அழைத்து அந்தக் காணொலியை நீக்க வேண்டும் என்றேன். "பழைய மேட்டர், யார் பார்க்கப் போறா, எதுக்குத் தோண்டறீங்க?" என்றார். என் கடவுச்சொல் இன்னும் வேலை செய்தது. நானே நீக்கினேன். கைமாறிப் போன பிரதிகளை என்ன செய்ய முடியும்?

சனிக்கிழமை மறுபடி எசன். தாரணியிடம், அப்பா அம்மா இருவரும் இருக்கும் நேரமாக வரவேண்டும் என்று மட்டும் சொல்லியிருந்தேன். இந்தமுறை ரயில் நேராகப் போனது. கவினும் வருகிறேன் என்றான், வேண்டாம் என்றேன். கடைசி நிமிடத்தில் அவனும் ஏறிக்கொண்டான்.

மாலை நாலு மணி. புவனா தேநீரும் சூடான ரோல்ஸும் வைத்தார். நான் தொடவில்லை.

"அண்ணா, அன்னைக்கு நான் பொய் சொல்லிட்டேன்" என்றேன். "அந்த வீடியோ போட்டது எங்க டிவிதான். வெட்டினது நான். மேல இருந்த வாசகமும் நான் எழுதினது. உங்க தங்கச்சி பேசினது முழுசா என்கிட்ட இருக்கு. கேட்டுட்டு என்ன வேணா சொல்லுங்க."

கைபேசியை மேசையில் வைத்தேன். பதினொரு நிமிடமும் ஓடியது. 'அண்ணைக்கு விளங்கும்' என்று வந்தபோது புவனா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். தாரணி என்னைப் பார்த்த பார்வையில் இருந்தது கோபம்தான். அதற்குத் தயாராகத்தான் போயிருந்தேன்.

சிவபாலன் மேசை விரிப்பின் ஓரத்தை நீவிக்கொண்டிருந்தார். என்னைத் திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். வெளியே போகச் சொல்வார் என்றும்.

"அப்ப போட்டது போட்டதுதான்" என்றார்.

"அப்பா!" என்றாள் தாரணி. "அவா ஏன் போட்டவா எண்டு கேட்டனீங்கள்தானே?"

"கேட்டனான் பிள்ளை. எனக்கு விளங்குது. விளங்கினபடியால்தான் அண்டைக்கும் உடன நம்பினனான்." என் பக்கம் திரும்பினார். "தங்கச்சி, நீங்கள் வெட்டினது ஒரு சொல்லு. வேற ஆரும் எண்டால் முழுசா என்ன சொன்னவள் எண்டு ஒரு போன் எடுத்துக் கேட்டிருப்பினம். நான் ஏன் கேக்கேல்லை எண்டு தெரியுமோ? அவள் போடுறதுக்கு முதலே நானும் போட்டிட்டன். இஞ்சை. வந்தவையைத் திருப்பி அனுப்பு எண்டு போஸ்டர் ஒட்டுறவைக்கு."

புவனாவின் கையிலிருந்த கோப்பை தட்டில் இடித்து ஓசை எழுந்தது. அவருக்கும் தெரியாது என்பது அந்த முகத்தைப் பார்த்ததும் புரிந்தது.

"வேலைத்தலம் பூட்டினாப் பிறகு நாள் முழுக்க வண்டி" என்றார் அவர், யாரையும் பார்க்காமல். "சாமான் இறக்க நிக்கிற நேரமெல்லாம் போனில சின்னச் சின்ன வீடியோ. நேற்று வந்தவனுக்கு வீடு, உனக்கு டொக்டரிட்டைப் போக நாள் குறிச்சு Termin எடுக்கவும் ஏலாது எண்டு. ஒண்டு பாத்தால் பத்து வரும். குடியுரிமை கிடைச்ச நாள் தொடக்கம் சிவப்புத் தொழிலாளர் கட்சிக்குப் போட்ட கை. போய்க் குத்திப்போட்டு வந்திட்டன். வெக்கமாப் போச்சு. பேந்து உவளின்ர வீடியோ வரேக்குள்ள, என்ர மூஞ்சையே பாத்தமாதிரி இருந்தது. அவளைத் திட்டினால் போதும் எண்டு இருந்திட்டன்."

ஜெர்மனியில் சிவப்பு என்றால் தொழிலாளர் பக்கம், அமெரிக்காவில் நேர் எதிர். எனக்கு அதைப் பிரித்துப் பார்க்கவே ஒரு கணம் பிடித்தது. அதற்குள் தாரணி எழுந்துவிட்டாள்.

"என்ர கிளினிக்குக்கு வாற சிரியாப் பிள்ளையளுக்கு நான்தான் கை கால் பிடிச்சு விடுறனான்" என்றாள். "அவையளையோ அனுப்பச் சொன்னனீங்கள்? அகதி எண்டு நீங்கள் எழுதிக் குடுத்த Antrag-ஐ அண்டைக்கு ஒருத்தன் கிழிச்சுப் போட்டிருந்தால் நான் எங்கை?" தொடர்ந்து ஜெர்மனில் இரண்டு வாக்கியம் சொன்னாள். கவின் தலையைக் குனிந்துகொண்டான். அதை அவன் எனக்கு மொழிபெயர்க்கவே இல்லை. அவள் மேல்சட்டையை எடுத்துக்கொண்டு வெளியே போனாள். கவின் என்னைப் பார்த்துவிட்டு அவள் பின்னால் போனான்.

நாங்கள் மூவரும் இருந்தோம். பிறகு புவனா தன் கைபேசியை எடுத்தார். "அங்கை இப்ப காலமை. எடுப்பாள்" என்று எண்ணை அழுத்தி, ஒலிபெருக்கியில் போட்டு, கணவர் முன்னால் வைத்தார்.

மூன்றாவது மணிக்கே எடுத்தார் வசந்தா. "அண்ணி?"

"நான் கதைக்கிறன்" என்றார் சிவபாலன்.

"அண்ணை, உங்களுக்கு என்ன வருத்தம்?"

என் காதில் அது மனவருத்தம் என்றே விழுந்தது. யாழ்ப்பாணத்தில் வருத்தம் என்றால் நோய் என்பது, அவர் தொடர்ந்து பேசியபோதுதான் உறைத்தது. "போன் எடுக்கிறீங்கள் இல்லை. அண்ணியும் பிடிகுடுக்காமக் கதைக்கிறா. கான்சர் கீன்சர் எண்டு எனக்கு மறைக்கிறீங்கள் எண்டு நான் இத்தனை மாதமா வெள்ளிக்கிழமை விரதம். உண்மையைச் சொல்லுங்கோ."

அந்தப் பதினான்கு விநாடியை அவர் பார்க்கவே இல்லை. உலகத்தில் எத்தனையோ பேர் பார்த்துச் சிரித்த காணொலி, அதில் இருந்தவரிடம் மட்டும் போய்ச் சேரவில்லை. அண்ணன் ஏன் பேச்சை நிறுத்தினார் என்பதே அவருக்குத் தெரியாது.

சிவபாலன் கைபேசியைத் தள்ளி வைத்தார். தலையைத் திருப்பிக்கொண்டார். நான்தான் கைபேசியை என் பக்கம் இழுத்து, யார் நான், என்ன செய்தேன் என்பதைச் சொன்னேன். கோர்வையாக வரவில்லை. இரண்டு இடத்தில் திரும்ப முதலிலிருந்து தொடங்கினேன். மன்னிப்புக் கேட்டேன்.

வசந்தா முதலில் கேட்டது அண்ணனைப் பற்றித்தான். "அப்ப அண்ணைக்கு வருத்தம் ஒண்டுமில்லையோ?"

"இல்லைங்க."

"சரி. நீங்கள் செய்தது பிழைதான். அதைப் பேந்து கதைப்பம்" என்றார். "அந்த முழுக்கக் கதைச்சதை என்ர மகளுக்கும் அனுப்புங்கோ. அவளும் அந்த ஒண்டைத்தான் கேட்டிருப்பாள்போல. முந்திச் சண்டை பிடிச்சாலும் வந்து போனவள், அந்தப் பேட்டிக்குப் பிறகு வீட்டுக்கு வாறேல்லை. ஏனெண்டு எனக்கு இப்பதான் விளங்குது."

எண்ணைச் சொன்னார். புவனா எழுதிக்கொண்டார். அங்கேயே, அவர்கள் கண்ணெதிரில் அனுப்பினேன். சிவபாலன் அதற்குள் கைபேசியை வாங்கி, "தாரணிக்குக் கலியாணம். வருவியோ?" என்று கேட்டுக்கொண்டிருந்தார். 'நானும் இஞ்சை அப்பிடித்தான் போட்டனான்' என்பதையும் சொன்னார். வசந்தா சிரித்தாரா அழுதாரா என்று எனக்கு விளங்கவில்லை.

கல்யாணத்துக்கு நான் இருக்கவில்லை. கவினின் கை கரண்டி பிடிக்கும் அளவுக்குத் தேறியது, விடுப்பும் தீர்ந்தது. சென்னையில் விளக்கக் கடிதம் கேட்டார்கள், கொடுத்தேன். இப்போது எனக்கு வானிலையும் கோயில் விழாக்களும். வெட்ட வேண்டிய அளவுக்கு அதில் யாரும் நீளமாகப் பேசுவதில்லை.

கல்யாணம் முடிந்த மறுநாள் தாரணியிடமிருந்து ஒரு குரல்பதிவு வந்தது. பின்னணியில் பாத்திரச் சத்தம், யாரோ சிரிக்கும் சத்தம். "அன்ரி, அத்தை வந்தவா. மகளும் கூட வந்தவள். அத்தையும் அப்பாவும் நேற்று முழுக்க இருந்து கதைச்சவை, அவையளை எழுப்பவே ஏலாமப் போச்சு." கொஞ்சம் நிறுத்தினாள். "அப்பாவோட நான்தான் இன்னும் கதைக்கேல்லை."